எலும்பு கூடிவிட்டது, கை மட்டும் ஏன் நீளவில்லை?

வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். வயது 44. நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து பார்க்கும் வேலை. 9 வாரங்களுக்கு முன் படியில் வழுக்கி, வலது முழங்கை தரையில் மோதும்படி விழுந்துவிட்டார். முழங்கையின் பின்முனையில், அதாவது மேசையில் கையை ஊன்றினால் குத்துமே அந்த மேட்டில், எலும்பு விரிசல் விட்டிருந்தது. துண்டு விலகவில்லை என்பதால் அறுவை சிகிச்சை இல்லாமல், கையை மடக்கிய நிலையில் 4 வாரம் மாவுக்கட்டு போட்டார்கள். கட்டைப் பிரித்து 5 வாரம் ஆகிறது. போன வாரம் எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், "எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி கையைப் பயன்படுத்துங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆனால் கை ஒத்துழைக்கவில்லை. நேராக நீட்டினால் 30 டிகிரி போல் மீதி நிற்கிறது. "கொஞ்சம் அழுத்தினால் இன்னும் கொஞ்சம் போகும், விட்டால் பழையபடி வந்துவிடும்" என்கிறார். மடக்கினால் விரல் தோளைத் தொடவில்லை. சாவியைத் திருப்பவும் பாட்டில் மூடியைத் திறக்கவும் பலம் இல்லை. மேல்கை கண்ணுக்குத் தெரியும்படி இளைத்துவிட்டது. மேசையில் முழங்கையை ஊன்றினால் சுண்டுவிரல் மரத்துப்போகிறது. "அடி எலும்புக்குத்தானே பட்டது? தசைக்கு ஒன்றும் ஆகவில்லையே. எலும்பும் கூடிவிட்டது. அப்புறம் ஏன் கை வரவில்லை? கோணலாகச் சேர்த்துவிட்டார்களா?" என்பது அவருடைய முக்கியமான கேள்வி. நரம்பு சுருங்கிவிட்டது, ஒரே இழுப்பில் சரியாகும் என்கிறார் உறவினர் ஒருவர். தண்ணீர் வாளியைத் தூக்கித் தொங்கவிடச் சொல்கிறார் இன்னொருவர். கையை நீட்டித் தள்ளுவது பைசெப்ஸ்தான் என்று நினைத்து, அதைப் பலப்படுத்த 5 கிலோ டம்பெல் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறார். கால்சியம் மாத்திரையை அவராகவே இரட்டிப்பாக்கிக் கொண்டிருக்கிறார். மறுபடி ஆபரேஷன் தேவைப்படுமா, கை முழுதாக நேராகுமா என்றும் கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

கோணலாகச் சேர்ந்துவிட்டதோ என்ற பயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். முதல் நாள் படத்திலேயே உங்கள் எலும்புத் துண்டு விலகவில்லை. அது கட்டுக்குள் அசையாமல் இருந்து, 9-ஆம் வாரத்தில் கூடியிருக்கிறது. எலும்பே தடையாக இருந்தால், கையை நீட்டும்போது ஓர் இடத்தில் டக்கென்று முட்டி நிற்கும். அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் நகராது. உங்கள் கை அழுத்தினால் கொஞ்சம் போகிறது, விட்டால் திரும்பி வருகிறது. இது மூட்டைச் சுற்றியுள்ள உறையும் தசையும் இறுகியிருப்பதன் அடையாளம். இறுகிய உறையையும் தசையையும் பழக்கித் தளர்த்தலாம். கோணலான எலும்பை அப்படிச் செய்ய முடியாது. அந்த வகையில் உங்கள் நிலைமை நல்ல நிலைமைதான்.

"எலும்புக்குத்தானே அடி, தசைக்கு என்ன" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு விரிசல் விட்ட அந்த மேடு சும்மா துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு இல்லை. மேல்கையின் பின்பக்கம் இருக்கிற ட்ரைசெப்ஸ் தசை, கீழே வரவர வெண்மையான தசைநாணாக மாறி, அந்த மேட்டில்தான் போய்ப் பதிகிறது. ஒட்டவைத்ததுபோல் மேலே உட்கார்ந்திருப்பதும் இல்லை. அதன் இழைகள் எலும்புக்குள்ளேயே புகுந்து வேரோடியிருக்கின்றன. நீங்கள் கையை நீட்டும் ஒவ்வொரு முறையும் ட்ரைசெப்ஸ் அந்த மேட்டைப் பிடித்து மேல்நோக்கி இழுக்கிறது, முன்கை நிமிர்கிறது. ஆக, உடைந்தது ஒரு தசை எலும்பைப் பற்றியிருந்த பிடி. கட்டு போட்டது எலும்பு அசையாமல் இருக்க மட்டும் இல்லை; உங்கள் ட்ரைசெப்ஸ் அந்தத் துண்டைப் பிய்த்து மேலே இழுத்துவிடாமல் இருக்கவும்தான். அடி பட்ட நாளிலிருந்தே தசையும் நோயாளிதான்.

தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும்

நம் உடம்பில் 206 எலும்புகளும், எலும்பை அசைக்கும் தசைகள் 600-க்கு மேலும் இருக்கின்றன. அத்தனை தசைகளில் ஒன்றுக்குக்கூடத் தள்ளத் தெரியாது. தசையின் உள்ளே ஆக்டின், மயோசின் என்ற இரண்டு வகைப் புரத இழைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நரம்பிலிருந்து கட்டளை வந்ததும் தசைச் செல்லுக்குள் கால்சியம் வெளிப்படுகிறது. மயோசின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்க, ஒரு வகை இழை இன்னொன்றின் இடையே வழுக்கிச் செல்கிறது, தசை குட்டையாகிறது. இழைகள் தனித்தனியே சுருங்குவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று நகர்கின்றன என்பது 1954-இல்தான் தெளிவானது. இந்த அமைப்பில் தானாகவே நீண்டு எதையும் தள்ளுவதற்கு வழியே இல்லை.

அதனால்தான் ஒவ்வொரு மூட்டுக்கும் எதிரெதிராகத் தசைகள் தேவைப்படுகின்றன. உங்கள் முழங்கையை மடக்குவது முன்பக்கத்துத் தசைகள். பைசெப்ஸ் பெயர் பெற்றுவிட்டது. அதற்கு அடியில் மறைந்திருக்கும் பிரேக்கியாலிஸ் என்ற தசைதான் மடக்குவதில் பெரும்பங்கு வேலை செய்கிறது. நீட்டுவது பின்பக்கத்து ட்ரைசெப்ஸ். கையை நீட்டிப் பைசெப்ஸ் தள்ளுகிறது என்று நீங்கள் நினைத்தது தவறு. பைசெப்ஸுக்குப் பாரம் ஏற்றிப் பயிற்சி கொடுத்தால், நீட்டுவதற்கு எதிராக இழுக்கிற தசையைத்தான் பலப்படுத்துவீர்கள்.

இங்கே ஒரு சின்ன நுணுக்கம் உண்டு, உங்கள் பயிற்சிக்கும் அது உதவும். ஒரு தம்ளரை மெதுவாக மேசைமேல் இறக்கி வைக்கிறீர்கள். கை நீள்கிறது. ஆனால் அப்போது வேலை செய்வது ட்ரைசெப்ஸ் இல்லை, பைசெப்ஸ்தான். கீழே இழுக்கும் வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்கிறது. தம்ளர் தொப்பென்று விழாமல் பைசெப்ஸ் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது. நீளும்போதும் தசை உழைக்கும். எந்தத் திசையில் புவியீர்ப்பு இழுக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரே அசைவை வெவ்வேறு தசை செய்யும். நிற்கும்போது கையைக் கீழே நீட்ட ட்ரைசெப்ஸ் பெரிதாக மெனக்கெட வேண்டியதில்லை. மல்லாந்து படுத்து, மேல்கையைக் கூரை நோக்கி நிறுத்தி, மடங்கிய முன்கையை மேலே நிமிர்த்திப் பாருங்கள்: அங்கே ட்ரைசெப்ஸ் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

சாவி திருப்ப முடியவில்லை என்றீர்கள். முன்கையில் இரண்டு எலும்புகள். உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பும்போது கட்டைவிரல் பக்கத்து எலும்பு மற்றதைச் சுற்றி உருள்கிறது. பைசெப்ஸ் போய்ப் பதிவது இந்த உருளும் எலும்பில். ஆகவே அது கையை மடக்குவதோடு, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பவும் செய்கிறது. சாவியைத் திருப்பும்போது நமக்கு வேண்டியது திருப்பம் மட்டும், மடக்கம் வேண்டாம். அப்போது கை மடங்கிவிடாமல் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிப்பது யார்? அதே ட்ரைசெப்ஸ். மேல்கையின் மேல் மற்றக் கையை வைத்துப் பார்த்தால், சாவி திருகும்போது முன்னும் பின்னும் இரண்டு தசைகளுமே இறுகுவது தெரியும். உங்களுக்கு ஒன்று இளைத்திருக்கிறது, இன்னொன்று அடிபட்ட பிடியை இன்னும் நம்பத் தயங்குகிறது. சாவி திரும்பாததற்கு மணிக்கட்டில் கோளாறு தேட வேண்டாம்.

அந்த 5 கிலோ டம்பெல்

முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி, கையில் 5 கிலோ வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். எடை இருப்பது மூட்டிலிருந்து 35 சென்டிமீட்டர் போல் தள்ளி. பைசெப்ஸ் எலும்பில் பதிந்திருப்பதோ மூட்டிலிருந்து நாலரை சென்டிமீட்டரில். கதவைக் கைப்பிடியில் தள்ளாமல் கீலுக்குப் பக்கத்தில் தள்ளுவதுபோல. தூரம் எட்டில் ஒரு பங்கு என்றால் பலம் எட்டு மடங்கு வேண்டும். 5 கிலோவைச் சும்மா பிடித்து நிற்கவே முன்பக்கத் தசைகள் சேர்ந்து 40 கிலோவுக்குச் சமமாக இழுக்க வேண்டும். முன்கையின் சொந்த எடை இதில் சேரவில்லை. அந்த இழுப்பில் பெரும்பகுதி மூட்டின் இரண்டு முகங்களையும் ஒன்றோடொன்று அழுத்துகிறது.

ட்ரைசெப்ஸின் கணக்கு இன்னும் மோசம். பின்மேடு மூட்டின் அச்சிலிருந்து இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. உள்ளங்கையால் 5 கிலோ அளவுக்கு எதையாவது தள்ளினால், இப்போதுதான் கூடியிருக்கிற அந்த மேட்டில் விழும் இழுவை 70, 80 கிலோவைத் தொடும். நாற்காலிக் கையை அழுத்தி உடம்பைத் தூக்கி எழுந்திருக்கும்போது எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். கூடிய எலும்பு இதைத் தாங்கும்படி படிப்படியாகத் தேறும், பழக்கம் இல்லாத இந்த நேரத்தில் திடீரென்று வேண்டாம்.

உடம்பு ஏன் இப்படி நஷ்டக் கணக்கில் கட்டப்பட்டிருக்கிறது என்று தோன்றலாம். எனக்கு இதில் எப்போதும் ஒரு வியப்பு உண்டு. தசை ஒரு சென்டிமீட்டர் குறுகினால் கை ஏழெட்டு சென்டிமீட்டர் நகர்கிறது. பலத்தைச் செலவழித்து வேகத்தையும் வீச்சையும் வாங்குகிறோம். எழுதுவது, எறிவது, விழும் பொருளைச் சட்டென்று பிடிப்பது எல்லாம் இந்தப் பேரத்தில் கிடைத்தவை. தசைகள் தாங்கும் எடையைவிடப் பல மடங்கு விசையைச் செலுத்துகின்றன என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியரான பொரெல்லி கணக்குப் போட்டுக் காட்டினார். அதுவரை தசை குறைந்த பலத்தில் பெரிய எடையைத் தூக்குகிறது என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

டம்பெல்லைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு மூன்று மாதம் கழித்து உதவும்.

கட்டுக்குள் நடந்தது

4 வாரம் கை மடங்கியே இருந்தது. அந்த நாட்களில் முன்பக்கத் தசைகள் குட்டையான நிலையிலேயே இருந்தன. தசை இழைக்குள், ஒவ்வொரு மில்லிமீட்டர் நீளத்திலும் 400-க்கும் மேற்பட்ட சின்னச் சின்னச் சுருங்கும் அலகுகள் சங்கிலியாக இணைந்திருக்கின்றன. குட்டையான நிலையிலேயே நாள்கணக்கில் வைத்திருந்தால், இந்த நீளம் போதும்போல என்று தசை சில அலகுகளைக் கழித்துவிடுகிறது. பிறகு நீட்டினால் எட்டவில்லை. மறுபடி நீளப் பழக்கினால் அலகுகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். அதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். மூட்டைச் சுற்றியுள்ள உறையும் அடியின் வீக்கத்தாலும் அசைவின்மையாலும் தடித்துச் சுருங்கிவிட்டது. உடம்பின் எல்லா மூட்டுகளிலும் சீக்கிரம் இறுகிப்போகும் பேர்வழி முழங்கைதான். உறவினர் சொன்னதுபோல் நரம்பு எதுவும் சுருங்கவில்லை.

இளைத்தது கொழுப்பாக மாறியதால் இல்லை. தசைச் செல் கொழுப்புச் செல்லாக மாறாது. வேலை இல்லாதபோது இழைகள் மெலிகின்றன, அவ்வளவுதான். வேலை வந்தால் தடிக்கும். அதிலும், கட்டு பிரித்த பிறகு தசை இளைத்த அளவைவிடப் பலம் அதிகமாகக் குறைந்திருக்கும். ஏனென்றால் மூளை அந்தத் தசைக்குக் கட்டளை அனுப்புவதையே குறைத்துவிடுகிறது. வலி வரும் என்று பயந்து பாதி இழைகளைக் கூப்பிடாமல் விடுகிறது. பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் கை சுற்றளவு கூடாமலேயே பலம் வருவதைக் கவனிப்பீர்கள். அது நரம்பும் தசையும் மறுபடி பேசிக்கொள்ளத் தொடங்கியதன் பலன். டேப் வைத்து மேல்கையைத் தினமும் அளந்து மனம் சோர வேண்டாம்.

எலும்பின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். கூடிய எலும்பு அதோடு நின்றுவிடுவதில்லை. மாதக்கணக்கில் தன்னைத் திருத்தி அமைத்துக்கொண்டே இருக்கும். எந்தத் திசையில் இழுவையும் அழுத்தமும் வருகிறதோ அதற்கேற்ப எலும்பு தன் உள்ளமைப்பை அடுக்கிக்கொள்கிறது என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் 1892-இல் எழுதினார். எடையே இல்லாத விண்வெளியில் தங்கும் வீரர்கள் இடுப்பு எலும்பில் மாதம் 1 சதவீதம் அளவுக்கு இழக்கிறார்கள். எலும்புக்குப் பலம் கொடுக்கும் மருந்துகளில் முக்கியமானது தசையின் இழுப்புதான். அதனால் கால்சியம் மாத்திரையை இரட்டிப்பாக்கியதை இன்றே நிறுத்தி, மருத்துவர் சொன்ன அளவுக்குத் திரும்புங்கள். அதிகப்படியான கால்சியம் மூட்டை இளக்காது. மலச்சிக்கல் வரும், சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் வரும்.

இழுத்துவிடுவதும் வாளி தொங்கவிடுவதும்

இந்த இரண்டையும் செய்யவே வேண்டாம். மற்ற விஷயங்களில் "பார்த்துச் செய்யுங்கள்" என்று சொல்கிற நான் இதில் அப்படிச் சொல்லத் தயாராக இல்லை.

நான் சொன்ன பிரேக்கியாலிஸ் தசை, மூட்டு உறையின் முன்பக்கத்தோடு ஒட்டியே ஓடுகிறது. அடிபட்ட முழங்கையை வலுக்கட்டாயமாக இழுத்தால் அங்கே இழைகள் கிழிந்து ரத்தம் கசியும். முழங்கைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: அடிபட்ட தசைக்குள், இருக்கக்கூடாத இடத்தில், புதிய எலும்பை வளர்த்துவிடும். அழுத்தித் தேய்ப்பதும் முரட்டுத்தனமாக இழுப்பதும் அந்த ஆபத்தைக் கூட்டக்கூடும். அப்படி எலும்பு வளர்ந்தால் இப்போது இளகக்கூடிய இறுக்கம் நிஜமான பூட்டாகிவிடும். கூடவே, கூடிய மேடு மறுபடி பிளக்கவும் வாய்ப்பு உண்டு.

வாளி விஷயத்தில் ஏமாற்றம் வேறு மாதிரி. பாரம் கையைக் கீழே இழுத்ததும், மூட்டைக் காப்பாற்றுவதாக நினைத்து முன்பக்கத் தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். எந்தத் தசை இளக வேண்டுமோ அதையே நீங்கள் சண்டைக்கு இழுக்கிறீர்கள். பலர் வாளியை இறக்கி வைத்த பிறகு கை முன்பைவிட மடங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, என்ன செய்வது

தசைகளின் ஜோடி ஏற்பாட்டில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு தசை சுருங்கும்போது, அதற்கு எதிரான தசையைத் தளர்ந்து கொடுக்கும்படி தண்டுவடத்திலிருந்தே உத்தரவு போகிறது. இதை விளக்கியவர் சார்லஸ் ஷெரிங்டன். நரம்புச் செல்களின் செயல்பாடு பற்றிய ஆய்வுகளுக்காக 1932-இல் நோபல் பரிசு பெற்றவர். உங்களுக்கு இதன் பொருள் என்னவென்றால், உங்கள் ட்ரைசெப்ஸே கையை நீட்டும்போது முன்பக்கத் தசை தானாகத் தளரும். பிறர் இழுத்தால் அந்த உத்தரவு போகாது. உங்கள் கையை நீட்டச் சிறந்த ஆள் நீங்கள்தான்.

ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் காட்டிக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்யுங்கள். அவர் சொல்லித்தரக்கூடியது பெரும்பாலும் இப்படி இருக்கும். வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்துவிட்டு, மேசை ஓரத்தில் மேல்கைக்கு அடியில் மடித்த துண்டை வைத்து, உள்ளங்கை மேலே பார்க்க முன்கையைக் காற்றில் விடுங்கள். அதன் சொந்த எடையே மெல்ல நீட்டும், இரண்டு மூன்று நிமிடம் போதும். பிறகு மடக்கும் திசையில் லேசாக முயன்று, அதை மற்றக் கையால் தடுத்து, மனதுக்குள் ஐந்து எண்ணி, விடுங்கள். விட்டவுடன் ட்ரைசெப்ஸால் எவ்வளவு நீட்ட முடியுமோ நீட்டுங்கள். அந்த விட்ட நொடியில் கூடுதலாகக் கொஞ்சம் போகும். படுத்துக்கொண்டு கூரை நோக்கி நிமிர்த்தும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, கையில் ஒரு ஸ்கேலைப் பிடித்து, இரு பக்கமும் திருப்புவது சாவிக்கான பயிற்சி. தோளையும் விரல்களையும் சும்மா விடாதீர்கள். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்வதைவிட, நாளில் ஐந்தாறு முறை பத்துப் பத்து நிமிடம் செய்வது நல்லது. மூட்டின் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அசையும்போது மூட்டுத் திரவம் உள்ளே போய் வருவதுதான் அதற்குச் சாப்பாடு.

வலித்தால் எலும்பு மறுபடி உடைகிறது என்று பயந்து நிறுத்திவிடுவதாக எழுதியிருந்தீர்கள். கடைசி எல்லையில் இழுக்கிற மாதிரி வலிப்பதும், அது ஒரு மணி நேரத்தில் அடங்குவதும் சாதாரணம். மறுநாள் காலை மூட்டு வீங்கி, சூடாகி, முந்தைய நாளைவிடக் குறைவாக நீண்டால், நேற்று அதிகம் செய்துவிட்டீர்கள். ஒருநாள் பாதியாகக் குறைத்துக்கொண்டு தொடருங்கள்.

கடிதம் முழுக்க நீட்டுவதைப் பற்றியே கவலைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு மடக்குவதில்தான் அதிக அக்கறை. அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு, முழுதாக நீட்டிய நிலையை 0 என்று வைத்தால், 30 டிகிரியிலிருந்து 130 டிகிரி வரை அசைந்தால் போதும். நீட்டுவதில் நீங்கள் ஏற்கெனவே அந்த எல்லையில் நிற்கிறீர்கள். எட்டாததை எட்ட ஓர் அடி முன்னால் வைக்கலாம். மடக்கம் குறைந்தால் முகம் கழுவ, தலை வார, ஃபோனைக் காதில் வைக்க வேறு வழி இல்லை. ஆகவே பயிற்சி நேரத்தைச் சரிபாதியாகப் பிரியுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

"கூடிவிட்டது, பயன்படுத்துங்கள்" என்பது சிகிச்சையில் பாதி. எலும்பு மருத்துவர்களான எங்களுக்கு எக்ஸ்ரேயில் கோடு மறைந்ததும் மனம் நிறைந்துவிடுகிறது. படத்தில் தசை தெரியாது. அதற்காக உங்கள் மருத்துவரைக் குறை சொல்லிச் சண்டைக்குப் போக இதில் காரணம் இல்லை. துண்டு விலகாத உடைவுக்கு அவர் செய்தது சரியான சிகிச்சை. ஆனால் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. உங்கள் எக்ஸ்ரேக்களின் பிரதியையும் சிகிச்சைச் சுருக்கத்தையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கையில் எவ்வளவு எடை எப்போதிலிருந்து தூக்கலாம், ஊன்றி எழலாமா என்று குறிப்பாகக் கேளுங்கள். மூட்டின் கோணத்தை அளந்து தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த எண் இருந்தால்தான் முன்னேற்றம் தெரியும். அலுவலகத்துக்கு நீண்ட விடுப்பு தேவைப்படாது என்று நினைக்கிறேன். கணினி வேலை தடையில்லை. பாரம் தூக்காமல் இருக்கவும் இடையிடையே பயிற்சி செய்யவும் அனுமதிக்கும்படி ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள்.

சுண்டுவிரல் மரப்பை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். முழங்கையின் உள்பக்கம் எலும்புக்குப் பின்னால் ஒரு நரம்பு தோலுக்கு அடியிலேயே போகிறது. இடித்துக்கொண்டால் ஷாக் அடிப்பதுபோல் இருக்குமே, அதே நரம்பு. ஊன்றும்போது அது நசுங்குகிறது. மேசையில் முழங்கை ஊன்றுவதை நிறுத்தியும் ஒரு வாரத்தில் மரப்பு போகாவிட்டாலோ, மோதிரவிரலுக்கும் பரவினாலோ, விரல்களை விரித்துச் சேர்க்கும் பலம் குறைந்தாலோ காட்டுங்கள். மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, பின்மேட்டில் திடீர் வலியோடு கையை நிமிர்த்தவே முடியாமல் போனாலோ, அன்றே போங்கள். முன்பக்கத்தில் கெட்டியான கட்டி தட்டுப்பட்டு அசைவு வாரத்துக்கு வாரம் குறைந்தால் புதிய எக்ஸ்ரே தேவை.

ஆபரேஷனைப் பற்றி. கட்டு பிரித்து 5 வாரத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. முழங்கை மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேறும். இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் ஒரே கோணத்தில் நின்றுவிட்டால், கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி நீட்டும் வகைச் சட்டத்தைச் சில மணி நேரம் அணியச் சொல்வார்கள். மயக்கம் கொடுத்து மூட்டை அசைத்துவிடும் முறையும் உண்டு. அதில் எலும்போ நரம்போ பாதிக்கப்படும் அபாயம் இருப்பதால் முழங்கைக்கு நான் எளிதில் பரிந்துரைக்க மாட்டேன். இறுகிய உறையை வெட்டி விடுவிக்கும் அறுவை சிகிச்சை, சுமார் ஆறு மாதத்துக்குப் பிறகும் அன்றாட வேலைக்கே கை போதவில்லை என்கிறவர்களுக்கு. அதன் பிறகும் இதே பயிற்சிகளைத் தினமும் செய்தாக வேண்டும்.

கை முழுதாக நேராகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். பெரும்பகுதி திரும்பும் என்று எதிர்பார்க்கலாம். கடைசி 5 அல்லது 10 டிகிரி வராமலே போகலாம், முழங்கை உடைந்தவர்களில் பலருக்கு அப்படித்தான் ஆகிறது. அதை நீங்கள் கண்ணாடியில் தேடிப் பார்த்தால்தான் தெரியும். அந்தச் சில டிகிரிக்காக மட்டும் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று யாராவது சொன்னால், எக்ஸ்ரேக்களையும் கோணம் எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு இன்னொரு மருத்துவரையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.